மூலூஸ் நூற்பாலையும் புகாட்டி கார்களும்

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் எல்லை தொடும் அல்சாஸ் வட்டாரத்தில் இருக்கிறது மூலூஸ். இந்தத் தொழில் நகரத்தில், 1880 வாக்கில் எழும்பிய ஒரு கம்பளி நூற்பாலையின் கட்டடத்தில்தான் பிரான்சின் தேசிய மோட்டார் வாகன அருங்காட்சியகம் இயங்குகிறது. நானூறுக்கு மேற்பட்ட கார்கள் அங்கே நிற்கின்றன. அவற்றில் நூறுக்கு மேல் புகாட்டி கார்கள். ஒரே கூரையின்கீழ் இத்தனை புகாட்டிகள் உலகில் வேறெங்கும் இல்லை. வழக்கமாக இத்தகைய அருங்காட்சியகங்களைக் கார் நிறுவனங்கள் தம் பெருமைக்காகக் கட்டும்; அல்லது அரசு கட்டும். மூலூஸ் கதை வேறு. ஆலை முதலாளிகளான அண்ணன் தம்பி இருவர் ஊருக்குத் தெரியாமல் சேர்த்ததை, கூலி கேட்ட தொழிலாளர்கள் கதவை உடைத்து வெளியே கொண்டுவந்தார்கள். அதன் பிறகே அரசு தலையிட்டுச் சட்டத்தால் காத்தது. கார்களின் வரலாற்றைச் சொல்வதற்காகத் திறந்த இடத்தில், துணித் தொழிலின் எழுச்சியும் வீழ்ச்சியும் சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன.

மூலூஸின் பிழைப்பு முதலிலிருந்தே துணியில்தான். 1746இல் சாமுவேல் கோக்லன், ழான்-ஆன்ரி தோல்ஃபுஸ், ழான்-ழாக் ஷ்மால்ட்சர் ஆகியோர் சேர்ந்து இங்கே முதல் அச்சுத் துணிப் பட்டறையைத் தொடங்கினார்கள். அவர்கள் அச்சிட்டது 'இந்தியத் துணி' என்றே ஐரோப்பா அழைத்த சீட்டி. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன, துவைத்தாலும் சாயம் போகாத வண்ணப் பருத்தித் துணிகளின் மேல் ஐரோப்பியர்களுக்கு இருந்த மோகம் அந்தக் காலத்தில் பெரிது. உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் கூக்குரலிடவே, 1686இல் பிரெஞ்சு அரசு அத்துணிகளைத் தடை செய்தது; 1759 வரை தடை நீடித்தது. மூலூஸ் அப்போது பிரான்சைச் சேர்ந்ததல்ல. சுவிஸ் நகரங்களோடு உறவு பூண்ட தனிக் குடியரசு. தடை அதன் மதிலுக்குள் செல்லவில்லை. அதனால் பிரெஞ்சு எல்லையை ஒட்டி உட்கார்ந்துகொண்டே அத்தொழிலை வளர்க்க முடிந்தது. தென்னிந்தியாவில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கேர்து, சீட்டிக்குச் சாயம் ஏற்றும் முறையை 1742இல் விரிவாக எழுதி ஊருக்கு அனுப்பினார். ஐரோப்பியப் பட்டறைகள் கற்றுக்கொள்ளத் துடித்த தொழில் ரகசியம் அது. தமிழக, ஆந்திரக் கடலோரச் சாயக்காரர்களின் கைத்திறனுக்கும் மூலூஸின் செல்வத்துக்கும் இப்படி ஒரு நேர் உறவு இருக்கிறது.

1798இல் மூலூஸ் பிரான்சோடு இணைந்தது. அடுத்த நூற்றாண்டில் நூற்பாலைகளும் இயந்திரப் பட்டறைகளும் பெருகி, பிரான்சின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கியது. 1870-71 போரில் பிரான்ஸ் தோற்றதும் அல்சாஸின் பெரும்பகுதி ஜெர்மனியின் கைக்குப் போயிற்று. இன்று அருங்காட்சியகமாக இருக்கும் ஆலை எழும்பியதும், அல்சாஸின் புகழ் பெற்ற கார்த் தொழிற்சாலை தொடங்கியதும் அந்த ஜெர்மன் ஆட்சிக் காலத்தில்தான்.

கார்த் தொழிற்சாலையைத் தொடங்கியவர் எத்தோரே புகாட்டி. 1881இல் இத்தாலியின் மிலான் நகரில், கலைஞர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை கார்லோ மரச்சாமான் வடிவமைப்பில் பெயர் பெற்றவர். தம்பி ரெம்பிரான்ட் விலங்குகளை வடிப்பதில் தேர்ந்த சிற்பி. எத்தோரே மட்டும் இயந்திரத்தின் பக்கம் போனார். பிறருக்காகக் கார் வடிவமைத்துக் கொடுத்த பிறகு, 1909இல் அல்சாஸின் வடபகுதியில் மோல்சைம் என்ற சிற்றூரில், மூடிக்கிடந்த ஒரு சாயப்பட்டறையை எடுத்துச் சொந்தத் தொழிலை ஆரம்பித்தார். முதல் உலகப் போர் முடிந்து அல்சாஸ் பிரான்சுக்குத் திரும்பியதும், ஜெர்மன் மண்ணில் இத்தாலியர் தொடங்கிய நிறுவனம் பிரான்சின் பெருமையாக மாறியது.

அந்தப் பெருமைக்கு அடித்தளம் 1924இல் லியோன் பந்தயத்தில் அறிமுகமான 35ஆம் வகைக் கார். அருங்காட்சியகத்தின் பந்தயக் கார் வரிசையில் பிரெஞ்சு நீல வண்ணத்தில் நிற்கும் அதன் சக்கரத்தை அருகில் நின்று பார்க்க வேண்டும். அக்காலக் கார்களுக்குக் கம்பி ஆரக்கால்தான் வழக்கம். புகாட்டியோ அலுமினியத்தை உருக்கி வார்த்து, எட்டுத் தட்டை ஆரங்களோடு சக்கரம் செய்தார். பிரேக் டிரம்மும் சக்கரத்தோடு ஒரே வார்ப்பு. சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் கூடவே வந்துவிடும்; பந்தயத்தின் நடுவே டயர் மாற்றும்போதே பிரேக் கட்டைகளையும் பார்த்துவிடலாம். முன் அச்சு உட்கூடான குழாய். அதில் துளையிட்டு, ஸ்பிரிங் பட்டையை அதன் வழியாகவே நுழைத்திருக்கிறார். எங்கும் ஒரு போல்ட் அநாவசியமாகத் துருத்திக்கொண்டிருக்காது. வேகத்துக்காகச் செய்தவை எல்லாம் அழகாகவும் அமைந்தது தற்செயல் அல்ல. சிற்பியின் அண்ணன் செய்த வேலை என்பது அந்த முன் அச்சைப் பார்த்தாலே விளங்கும். குதிரை லாட வடிவ ரேடியேட்டர் அந்தக் குடும்பத்துக்கே அடையாளமாக நின்றுவிட்டது.

அரசர்களுக்கென்றே அவர் செய்த கார் 41ஆம் வகை, ராயல். நீளம் ஏறத்தாழ 6.4 மீட்டர், எடை மூன்று டன்னுக்கு மேல். எட்டு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த எஞ்சினின் கொள்ளளவு 12.7 லிட்டர், அதாவது இன்றைய சிறிய கார்களின் எஞ்சின் பத்துப் பன்னிரண்டைச் சேர்த்த அளவு. ரேடியேட்டர் மூடியின் மேல், துதிக்கையைத் தூக்கிப் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் வெள்ளி யானை. 1916இல் இறந்துபோன தம்பி ரெம்பிரான்ட் வடித்த சிற்பத்திலிருந்து வார்த்தது அது. இருபத்தைந்து கார்கள் செய்வது திட்டம். 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்துவிட்டது. அரசர் யாரும் வாங்கவில்லை. முடிவில் ஆறு கார்கள்தான் நிலைத்தன. அவற்றிலும் மூன்றே வெளியாருக்கு விற்றன.

அந்நாளில் பெரிய கார் வாங்குவோர் நம் ஊரில் லாரி வாங்குவது போல் சேசிஸை மட்டும் வாங்கி, தனிப் பட்டறையில் பாடி கட்டிக்கொள்வார்கள். ராயலின் முதல் வாடிக்கையாளர் அர்மான் எஸ்தேர், ஆயத்த ஆடைத் தொழிலில் பணம் ஈட்டியவர். 1932இல் அவருக்காகப் பச்சை நிறத்தில் இருவர் மட்டுமே அமரும் திறந்த பாடியை வரைந்தவர் எத்தோரேயின் மகன் ழான். எஸ்தேர் இரவில் கார் ஓட்டமாட்டார். அதனால் அவ்வளவு பெரிய காருக்கு முகப்பு விளக்கே வைக்கவில்லை. இன்னொன்று 1933இல் இங்கிலாந்துக்குப் போய், பார்க் வார்டு என்ற பட்டறையில் கறுப்பு லிமோசின் பாடி கட்டிக்கொண்டது. எத்தோரே தனக்கென்று வைத்துக்கொண்ட ராயலுக்கு 'கூப்பே நெப்போலியன்' என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கண்ணில் படாதிருக்க, குடும்பத்திடம் இருந்த ராயல்கள் மூன்றையும் எர்மெனோன்வில்லில் இருந்த தங்கள் மாளிகையில் சுவர் எழுப்பி மறைத்து வைத்தார்கள்.

விற்காத ராயலின் எஞ்சின்களுக்கு ரயிலில் வாழ்வு கிடைத்தது. பிரெஞ்சு ரயில்வேக்காக, அந்த எஞ்சின்களை இரண்டோ நான்கோ பூட்டிய அதிவேகத் தண்டவாள வண்டிகளை 1933 முதல் புகாட்டி செய்து கொடுத்தார். காரால் பட்ட கடனை ரயில் அடைத்தது எனலாம். அவற்றில் எஞ்சிய வண்டி இதே மூலூஸில், நகரின் மறுபுறத்து ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ராயலைப் பார்க்க வருவோர் அதையும் பார்த்துவிட்டுப் போனால்தான் எஞ்சினின் கதை முழுமையாகும்.

1939இல் ழான் சோதனை ஓட்டத்தில் விபத்துக்குள்ளாகி இறந்தார். 1947இல் எத்தோரேயும் மறைந்தார். மோல்சைம் தொழிற்சாலை தட்டுத்தடுமாறி நடந்து 1963இல் ஹிஸ்பானோ-சூயிஸா நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. இந்த இடத்தில்தான் ஷ்லும்ஃப் சகோதரர்கள் கதைக்குள் வருகிறார்கள்.

ஹான்ஸ் 1904இலும் ஃபிரிட்ஸ் 1906இலும் இத்தாலியில் பிறந்தவர்கள், சுவிஸ் குடிமக்கள். தந்தை இளம் வயதிலேயே இறந்துவிட, தாய் பிள்ளைகளைத் தன் பிறந்த ஊரான மூலூஸுக்கே அழைத்து வந்து வளர்த்தார். ஹான்ஸ் வங்கி வேலைக்கும், ஃபிரிட்ஸ் கம்பளித் தரகுக்கும் போனார்கள். 1935இல் இருவரும் சேர்ந்து கம்பளி வணிக நிறுவனம் தொடங்கினார்கள். 34 வயதில் ஃபிரிட்ஸ், மூலூஸுக்கு அருகே மால்மெர்ஸ்பாக் கிராமத்து நூற்பாலையின் தலைவரானார். போருக்குப் பின் எர்ஸ்டைன், ரூபே ஊர்களின் ஆலைகளும், மூலூஸின் இந்த ஆலையும் ஒவ்வொன்றாக அவர்கள் வசமாயின. மால்மெர்ஸ்பாக்கில் வீடு, வேலை, ஊர் எல்லாமே ஆலையைச் சுற்றித்தான். முதலாளி சொல்தான் அங்கே சட்டம்.

ஃபிரிட்ஸுக்குக் கார்ப் பித்து இளமையிலேயே உண்டு; போருக்கு முன்பே 35ஆம் வகைப் புகாட்டி ஒன்றை வாங்கியிருந்தார். 1960களில் அந்தப் பித்து தலைக்கேறியது. புகாட்டி வைத்திருப்போரின் பதிவேடு ஒன்றைக் கைப்பற்றி, அதில் பெயர் உள்ள எல்லோருக்கும் 'உங்கள் காரை விலைக்குத் தருவீர்களா' என்று ஒரே மாதிரிக் கடிதம் அனுப்பினார். 1963இல் மோல்சைம் தொழிற்சாலை தன்னிடமே வைத்திருந்த 18 கார்களை விற்றது. கூப்பே நெப்போலியன் அவற்றோடு வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜான் ஷேக்ஸ்பியர் என்பவரிடமிருந்து 30 புகாட்டிகளை மொத்தமாக வாங்கினார். பார்க் வார்டு ராயலும் அவற்றில் ஒன்று. நீண்ட பேரத்துக்குப் பின் படிந்த விலை 85,000 டாலர். திறந்த ரயில் வண்டிகளில் ஒன்றன் பின் ஒன்றாக ஏற்றிய கார்கள் துறைமுகத்துக்குப் புறப்பட்டன. 1987இல் லண்டன் ஏலத்தில் வேறொரு ராயல் மட்டும் 55 லட்சம் பவுண்டுக்குப் போனதை வைத்துப் பார்த்தால், அந்தப் பேரத்தின் அளவு புரியும். 1967க்குள் நூறுக்கு மேல் புகாட்டிகள் சேர்ந்துவிட்டன. ரோல்ஸ் ராய்ஸ், மெர்சிடிஸ், ஹிஸ்பானோ-சூயிஸா, அமெடே கோர்தினியின் பந்தயக் கார்கள் எல்லாம் அதற்கு மேல்.

இவ்வளவையும் நிறுத்த இடம் வேண்டுமே. மூலூஸ் ஆலையில் நூற்பை நிறுத்தி இயந்திரங்களை அகற்றினார்கள். தச்சர், தோல் வேலைக்காரர், மெக்கானிக் என நாற்பது பேர் வரை உள்ளே வேலை பார்த்தார்கள். வெளியே வாய் திறப்பதில்லை என்ற உறுதிமொழியோடு. 17,000 சதுர மீட்டர்க் கூடத்தைச் சிவப்பு ஓடு பதித்த நடைபாதைகளாகப் பிரித்து, இடையிடையே சரளைக்கல் பரப்பி அதன்மேல் கார்களை நிறுத்தினார்கள். பாரிஸின் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்து விளக்குக் கம்பங்களைப் பார்த்து அச்சாக வார்த்த விளக்குகள் மட்டும் எண்ணூறுக்கு மேல். 1957இல் இறந்த தாயின் நினைவுக்கு இந்த இடத்தைக் காணிக்கையாக்குவது அவர்கள் எண்ணம். ஆனால் பொதுமக்களுக்குத் திறக்கும் நாள் மட்டும் வந்தபாடில்லை. விருந்துக்கு வந்த ஒரு சிலரைத் தவிர யாரும் உள்ளே போனதில்லை.

கூடம் நிரம்பிய அதே ஆண்டுகளில் ஆலைகள் காலியாகிக்கொண்டிருந்தன. செயற்கை இழையும் வெளிநாட்டு மலிவுத் துணியும் 1970களில் ஐரோப்பியக் கம்பளித் தொழிலை நொறுக்கின. 1971இலேயே ஷ்லும்ஃப் ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தது. 1976இல் சகோதரர்கள் ஆலைகளை விற்கத் தொடங்கினார்கள். அக்டோபரில் மால்மெர்ஸ்பாக்கில் ஆட்குறைப்பு. தொழிலாளர்கள் முதலாளிகளின் மாளிகையை முற்றுகையிட்டார்கள். போலீஸ் காவலோடு வெளியேறிய இருவரும் மூலூஸிலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில், சுவிஸ் எல்லைக்குள் உள்ள பாசெல் நகரத்து 'மூன்று அரசர்கள்' விடுதியில் போய்த் தங்கினார்கள். பிறகு அவர்கள் ஆலை முதலாளிகளாகத் திரும்பவே இல்லை. பாக்கிக் கூலி அப்படியே நின்றது.

1977 மார்ச் 7 அன்று தொழிற்சங்கத்தினர் மூலூஸ் ஆலையின் கதவை உடைத்து உள்ளே நுழைந்தார்கள். மில்லில் பணம் இல்லை என்று வருடக்கணக்காகக் கேட்டு வந்தவர்களின் கண்முன் வரிசை வரிசையாகப் பளபளக்கும் கார்கள். தங்கள் உழைப்பு போன இடம் அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஆத்திரத்தில், பழுதுபார்க்காமல் கிடந்த ஆஸ்டின் 7 கார் ஒன்றை வெளியே தள்ளிக் கொளுத்தினார்கள். அதோடு நிறுத்திக்கொண்டார்கள். இதுதான் இந்த வரலாற்றில் போற்ற வேண்டிய இடம். வயிறு காய்ந்தவர்கள் கையில் கோடிக்கணக்கான மதிப்புள்ள சொத்து. உடைக்கவும் விற்கவும் தடுப்பார் இல்லை. அவர்கள் செய்தது, கட்டடத்துக்கு 'தொழிலாளர் ஆலை' என்று பெயர் வைத்து, முறை போட்டுக் காவல் இருந்து, கதவை ஊருக்குத் திறந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளில் எட்டு லட்சம் பேர் வந்து பார்த்ததாகக் கணக்கு. சகோதரர்கள் பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட திறப்பு விழாவைத் தொழிலாளர்கள் தாங்களே நடத்திவிட்டார்கள் என்றாலும் தகும்.

கடன்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வங்கிகள், வரித்துறை, ஊதிய பாக்கி என எல்லாரும் கை நீட்டியது இந்தக் கார்களை நோக்கித்தான். ஏலம் விட்டிருந்தால் ஆறே மாதத்தில் அவை அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் சிதறியிருக்கும். 1978 ஏப்ரலில் பிரெஞ்சு அரசு தொகுப்பின் பெரும்பகுதியை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. கோட்டைகளுக்கும் தேவாலயங்களுக்கும் கிடைக்கும் பாதுகாப்பு இந்தக் கார்களுக்கும் கிடைத்தது. பிரிக்கவும் கூடாது, நாட்டை விட்டுக் கொண்டுபோகவும் கூடாது. 1979இல் திவால் சொத்து நிர்வாகியின் உத்தரவால் தொழிலாளர் ஆலை மூடியது. 1981இல் நகராட்சி, மாவட்ட, வட்டார நிர்வாகங்களும் பிற அமைப்புகளும் சேர்ந்த சங்கம் கட்டடத்தோடு எல்லாவற்றையும் 4.4 கோடி பிராங்குக்கு வாங்கியது. 1982 ஜூலையில் தேசிய அருங்காட்சியகமாகக் கதவு மறுபடி திறந்தது. விலை மிகக் குறைவு என்று ஷ்லும்ஃப் தரப்பு நீதிமன்றம் போயிற்று; வழக்குகள் ஆண்டுக்கணக்கில் ஓடின. ஹான்ஸ் 1989இலும் ஃபிரிட்ஸ் 1992இலும் இறந்தார்கள். அருங்காட்சியகத்தின் பெயரில் இன்றும் 'ஷ்லும்ஃப் தொகுப்பு' என்பது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஆண்டு காவல் காத்தவர்களின் பெயருக்கும் அந்தப் பலகையில் இடம் தந்திருக்க வேண்டும்.

2006இல் செய்த பெரிய சீரமைப்புக்குப் பின் கட்டடம் இன்றைய தோற்றத்தைப் பெற்றது. கண்ணாடி முகப்பைத் தாண்டி உள்ளே போனால், விளக்குக் கம்பங்களும் சரளைக்கல்லும் ஃபிரிட்ஸ் வைத்த மாதிரியே இருக்கின்றன. முதல் கூடம் கால வரிசையில் போகிறது. அதில் மிகப் பழையது 1878இல் செய்த ழாக்கோ நீராவி வண்டி. கொதிகலனைச் சுமந்த குதிரை வண்டி போலவே இருக்கும். பென்ஸ், பனார், பெஜோ என்று தொடங்கி, குதிரை வண்டியின் உருவத்திலிருந்து கார் மெல்ல மெல்ல விடுபட்டுத் தனக்கென ஒரு வடிவம் பெறுவதை நடந்துகொண்டே பார்க்கலாம். அடுத்தது பந்தயக் கார்களின் கூடம். கடைசியில், ஒளி குறைந்த கூடத்தில் விலை மதிப்பில்லாத பெரிய கார்கள். ஆறு ராயல்களில் இரண்டு, கூப்பே நெப்போலியனும் பார்க் வார்டும், இங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எஸ்தேரின் பச்சைக் கார் பின்னாளில் வேறு பாடிக்கு மாறிப்போனது. ஃபிரிட்ஸ் சேர்த்து வைத்த உதிரி பாகங்களின் உதவியோடு அதன் நகல் ஒன்றை உருவாக்கி, முகப்பு விளக்கில்லாமலே நிறுத்தியிருக்கிறார்கள். எத்தோரே தன் இளைய மகனுக்காகச் செய்த, மின்கலத்தில் ஓடும் குட்டிப் புகாட்டியின் முன்னால்தான் குழந்தைகள் அதிக நேரம் நிற்பது வழக்கம். பெரியவர்கள் தவறவிடக் கூடாதது 35ஆம் வகையின் வரிசை.

சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நின்றுபோனவை, பழுதுபார்க்காமல் சேமிப்பில் கிடந்த அறுபதுக்குச் சற்று மேற்பட்ட கார்கள். நீண்ட வழக்குக்குப் பின் அவை ஃபிரிட்ஸின் குடும்பத்துக்குத் திரும்பின. 2008இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் பீட்டர் மல்லின் அவற்றை வாங்கிக் கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்டு நகருக்குக் கொண்டுபோனார். அங்கே அவர் 2010இல் திறந்த அருங்காட்சியகத்தில் சிலவற்றைத் துருவும் தூசியுமாக, கிடைத்த நிலையிலேயே காட்சிக்கு வைத்தார். 2023இல் மல்லின் இறந்தார். 2024 பிப்ரவரியில் அந்த அருங்காட்சியகம் மூடியது. அவருடைய தொகுப்பிலிருந்து பல கார்கள் அதே ஆண்டு ஏலத்துக்கு வந்தன.